ஏணிக்கான மாத்திரை

பெயிண்டர் மருந்துக்கடைக்கு வந்தால் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கமாட்டார். கண்ணாடி மேசையின்மேல் ஒரு சின்னத் தகர டப்பாவை வைப்பார். பெயிண்ட் கடையில் சாம்பிள் நிறம் கொடுக்கிற டப்பா அது. மூடியின் ஓரத்தில் எப்போதோ வழிந்து காய்ந்த நீலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். "வெள்ளை போடுங்கண்ணே" என்பார். கேட்கிற தோரணை சுவருக்கு முதல் பூச்சு கேட்பது மாதிரிதான் இருக்கும்.

கடைக்காரர் மூன்றாவது இழுப்பறையைத் திறந்து, மூன்று அட்டை மாத்திரைகளை எடுத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கி டப்பாவுக்குள் போடுவார். டக், டக், டக் என்று முப்பது சத்தம். காலி அட்டைகள் குப்பைக் கூடைக்குப் போகும். அதுவரை பெயிண்டர் பொறுமையாக நின்று, கடைச் சுவரில் எங்கெங்கே காரை பெயர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

வேறு எந்த வாடிக்கையாளருக்கும் கடைக்காரர் அப்படிப் பிதுக்கிக் கொடுத்தது கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் வீங்கி, விரல்கள் மரக்கட்டை மாதிரி விறைத்துப்போய்ப் பெயிண்டர் வந்து நின்றார். ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. அட்டையை வாங்கி, கடை வாசலிலேயே ஒரு மாத்திரையைப் பிதுக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. பல்லால் கடித்துப் பார்த்தார். அட்டை கிழிந்தது, மாத்திரை சாக்கடையில் விழுந்தது. தூரிகையைப் பிடித்தால் மயிரிழைகூடக் கோடு தவறாத மனிதர், ஒரு மாத்திரையோடு மல்லுக்கட்டித் தோற்று நின்றதைக் கடைக்காரரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "இங்க கொடுங்க" என்று வாங்கி எல்லாவற்றையும் தானே பிதுக்கிக் கொடுத்தார். அன்றைக்கு அது வெறும் இரக்கம்தான். கடவுளுக்குப் பிடித்த காரியம்தான்.

பத்து நாள் கழித்துப் பெயிண்டர் துள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணே, இதைப் போட்டா ஏணி தானா வந்து என்னைத் தூக்கிட்டுப் போகுது. இன்னும் கொஞ்சம் கொடுங்க."

"சீட்டு பத்து நாளைக்குத்தானே?"

"வேலை பத்து நாள்ல முடியலையே. மூணு மாடிக் கட்டடம், ரெண்டாவது மாடியில நிக்குது."

கடைக்காரர் கொடுத்தார். மூன்றாவது மாடி முடிந்தது. அப்புறம் ஒரு பள்ளிக்கூடம் வந்தது, ஒரு தண்ணீர்த்தொட்டி வந்தது. "அடுத்த தடவை டாக்டரைப் பார்த்துட்டு வாங்க" என்று இவர் சொல்வார். "கண்டிப்பாண்ணே" என்று அவர் சொல்வார். நாலு வருஷத்தில் அது வணக்கம் சொல்லிக்கொள்வதுபோல ஆகிவிட்டது.

அது ஸ்டீராய்டு என்று கடைக்காரருக்குத் தெரியும். வருஷக்கணக்கில் விழுங்கக் கூடாது என்றும், விழுங்கிப் பழகியபின் திடீரென்று நிறுத்தவும் கூடாது என்றும் தெரியும். படித்தவர். படித்ததற்கு அத்தாட்சியாக லைசென்ஸ், கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் "நிறுத்தாதீங்க" என்று சொல்ல வேண்டுமானால், "நான் கொடுத்தே இருக்கக் கூடாது" என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதனால் சொல்லவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு இருக்கிறதே, அது மெத்தென்ற தலையணை. அதில் தலைவைத்தால் மனசாட்சிகூடக் குறட்டை விடும்.

ஒரு திங்கட்கிழமை, பதினொரு மணி இருக்கும். பெயிண்டரின் மைத்துனர் கடைக்கு வந்தார். அவர் பஸ் கண்டக்டர்; ரகசியம் சொன்னாலும் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற குரல். ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை நீட்டினார். வாய் கொப்பளிக்கும் மருந்து, ரப்பர் குழாய் மாட்டிய பெரிய சிரிஞ்ச், உதட்டில் தடவுகிற களிம்பு.

"யாருக்கு?" என்றார் கடைக்காரர்.

"எங்க மாமாவுக்குத்தான். உங்களுக்கு விஷயமே தெரியாதா? தாடை உடைஞ்சுபோச்சு. ரெண்டு இடத்துல."

"ஐயோ! ஏணியிலேர்ந்தா?"

"அதுதான் கொடுமை. முப்பது வருஷமா ஏணியில ஏறி இறங்கற மனுஷன், வியாழக்கிழமை காலையில வீட்டு வாசப்படியில விழுந்தாரு. அக்கா சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவிவிட்டிருக்கா. இவரு குனிஞ்சு செருப்பைத் தேடிக்கிட்டே வந்து, நேராக் கொண்டுபோய்த் தாடையைப் படியில வெச்சாரு. மூணாவது மாடியிலேர்ந்து விழுந்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும்."

உள்பக்கம் பாட்டில்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பாவம், இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன். தகடு வெச்சு, ஸ்க்ரூ போட்டு, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால சேர்த்துக் கட்டிட்டாங்க. நாலு வாரத்துக்கு வாய் திறக்க முடியாது. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்துல அக்காவுக்கு இப்பத்தான் எதிர்த்துப் பேசாத புருஷன் கெடைச்சிருக்காரு." கண்டக்டர் தானே சிரித்துக்கொண்டார். "முதல் ரெண்டு நாள் ரொம்ப நல்லா இருந்தாரு. முகம் வீங்கவே இல்லை. வீக்கம் வராம இருக்க டெக்சான்னு ஏதோ ஊசி போட்டாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு. சனிக்கிழமை காலையோட அதை முடிச்சுட்டாங்க. 'நான் தைச்சதுலயே இதுதான் அழகான தாடை'ன்னு டாக்டர் சொன்னாரு."

"அப்புறம்?"

கண்டக்டரின் குரல் அன்றைக்கு முதல் தடவையாகத் தாழ்ந்தது. "நேத்து சாயங்காலத்துலேர்ந்து துவண்டுபோய்க் கெடக்காரு. இன்னைக்குக் காலையில பிரஷர் எழுபதுக்கு வந்துடுச்சு. குமட்டல் வேற. வாயைக் கட்டியிருக்கறப்ப வாந்தி வந்தா மூச்சுக்குழாய்ல போயிடுமாம். அதுக்குன்னு கம்பி வெட்டற கட்டரைத் தலைமாட்டுலயே தொங்கவிட்டிருக்காங்க. உள்ள எங்கயோ சீழ் பிடிச்சிருக்கணும், இல்லேன்னா ரத்தம் கசியணும்னு சொல்றாங்க. சலைன் ஏத்தியும் பிரஷர் ஏறலை. ஒரு மணிக்குத் திரும்பத் திறந்து பார்க்கப்போறாங்க. இந்த நிலைமையில மயக்கம் கொடுத்தாத் தாங்குவாரான்னு மயக்க மருந்து டாக்டரம்மா யோசிக்கிறாங்க."

சிரிஞ்சை எடுக்கப் போன கடைக்காரரின் கை பாதியில் நின்றது.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஐந்து நாள். அவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. வீக்கத்துக்குப் போட்ட ஊசியும் அந்த வெள்ளை மாத்திரையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஊசி அண்ணன், பலசாலி. தம்பி வராத குறை தெரியாமல் அண்ணன் இரண்டு நாள் வீட்டைத் தாங்கிப் பிடித்திருக்கிறான். இப்போது அண்ணனும் கிளம்பிவிட்டான். உடம்பு திக்கற்று நிற்கிறது. சீழுமில்லை, கசிவுமில்லை என்று அவர் மனசு சொன்னது.

"மாமா ஏதாவது மாத்திரை சாப்பிடறாருன்னு அங்க சொன்னீங்களா?"

"மாத்திரையா? அவரா? தலைவலிச்சாக்கூடத் தைலம்தான். 'எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரைன்னா என்னன்னே தெரியாது'ன்னு அக்கா தெரு முழுக்கப் பெருமையடிச்சுக்குவா. சேர்க்கறப்பவே நர்ஸம்மா கேட்டாங்க. அக்கா இல்லவே இல்லைன்னா. மாமாவும் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு இல்லைன்னு தலையாட்டினாரு. ஏண்ணே கேக்கறீங்க?"

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் உள்ளறைக்குள் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். ஒரு குரல் காத்திருக்கச் சொன்னது. அப்புறம் ஏதோ இசை ஓடியது. அது முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. மனைவி அறை வாசலில் வந்து நின்றார்.

"யாருக்குப் போன்?"

"ஆஸ்பத்திரிக்கு. ஒரு தகவல் சொல்லணும்."

"அங்கேயே திரும்பிப் போறவரு வெளியில ஸ்கூட்டரோட நிக்கறாரே. பின்னாடி ஏறி உட்கார்ந்தாப் பத்து நிமிஷம்."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. போனில் இசை மூன்றாவது தடவையாக ஆரம்பித்தது.

"போன்ல சொன்னாப் பேர் சொல்ல வேண்டியதில்லை. அதானே?" என்றார் மனைவி. இருபத்தெட்டு வருஷமாக ஒரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர். அந்த டக், டக் சத்தத்தை நாலு வருஷமாக அவரும் கேட்டிருக்கிறார்.

"லைசென்ஸ் போயிடும்" என்றார் கடைக்காரர் மெதுவாக. "இதை விட்டா எனக்கு என்ன தெரியும்?"

"போனாப் போகட்டும்னு நான் சொல்லலை. போகக் கூடாதுன்னு நானும் கடவுளை வேண்டிக்கறேன். ஆனா அந்த மனுஷன் அங்க கெடக்கறப்ப நாம இங்க பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தோம்னா, அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வேண்டறது? கடையை நான் பார்த்துக்கறேன். கெளம்புங்க." அவர் திரும்பும்போது சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க. அதைச் சரி பண்ணிக்கிட்டுப் போங்க."

கடைக்காரர் மூன்றாவது இழுப்பறையிலிருந்து ஒரு முழு அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெயரும் அளவும் அச்சிட்ட அட்டை. முதல் நாளுக்கப்புறம் பெயிண்டருக்கு ஒரு தடவைகூடக் கொடுக்காத அட்டை.

ஸ்கூட்டர் முதல் சிக்னலில் நின்றபோது கேட்டார். "மாமாகிட்ட ஒரு நீல மூடி டப்பா இருக்குமே?"

"சட்டைப் பையில இருக்குமே, சாம்பிள் டப்பா. ஏன்?"

"அதுல இருக்கறது பெயிண்ட் இல்லை. மாத்திரை. தினம் ஒண்ணு சாப்பிடறாரு. நான்தான் கொடுக்கறேன். அது நின்னதுதான் இத்தனைக்கும் காரணம்னு நெனைக்கறேன்."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று கடைக்காரர் கண்களை மூடிக்கொண்டார். விளக்குப் பச்சையானது. "கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றார் கண்டக்டர். அதன்பிறகு வழியெல்லாம் "ஓரம், ஓரம்! ஏங்க, வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?" என்ற அந்தப் பெரிய குரலுக்கு ஊரே ஒதுங்கி வழி விட்டது.

பின்னால் உட்கார்ந்து கடைக்காரர் பிரார்த்தனை செய்தார். முதலில் லைசென்ஸ் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். அடுத்த திருப்பத்தில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. மனிதர் பிழைக்க வேண்டும் என்று மாற்றி வேண்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது, "நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடு" என்ற ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

இரண்டாவது மாடி. ஆறு கட்டில் போட்ட நீளமான அறை. ஜன்னலோரக் கட்டிலில் பெயிண்டர் கிடந்தார். முகத்தில் வீக்கமே இல்லை. ஆனால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது. தலைமாட்டுக் கம்பியில் வெள்ளை நாடா கட்டி அந்தக் கட்டர் தொங்கியது. அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து, கணவரின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், எங்காவது போய்விடுவார் என்பதுபோல. கட்டிலுக்கு அந்தப் பக்கம் தாடை டாக்டரும் மயக்க மருந்து டாக்டரம்மாவும் நின்று காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர், நான் மருந்துக்கடைக்காரன்."

"சாமானை சிஸ்டர்கிட்ட கொடுத்துட்டுப் போங்க" என்றார் டாக்டரம்மா நிமிராமல்.

கடைக்காரர் மாத்திரை அட்டையை எடுத்து அந்தக் காகிதங்களின்மேலேயே வைத்தார். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் எதுவும் ஞாபகம் வரவில்லை. "இதை இவரு தினம் ஒண்ணு சாப்பிடறாரு. பத்து மில்லிகிராம். நாலு வருஷமா. சீட்டு இல்லாம நான்தான் கொடுத்தேன். இங்க வந்ததுக்கப்புறம் சாப்பிட்டிருக்க மாட்டாரு."

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கோபப்படுவதற்குக்கூட அவருக்கு நேரமில்லை. "ஒரு நாள் விடாமயா?"

"விடாம."

"சிஸ்டர், ஹைட்ரோகார்டிசோன் நூறு, இப்பவே. சலைன்ல குளுக்கோஸ் சேருங்க. தியேட்டருக்குப் போன் பண்ணி ஒரு மணி கேஸை நிறுத்தி வைக்கச் சொல்லுங்க." அப்புறம்தான் மூச்சு விட்டார். "சோடியம் ஏன் குறைஞ்சிருக்குன்னு காலையிலேர்ந்து மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்."

"என்ன சொல்றாரு இவரு?" என்று பெயிண்டரின் மனைவி எழுந்தார். "மாத்திரையா? எங்க வீட்டுக்காரரா?"

ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே டாக்டரம்மா சொன்னார். "சிறுநீரகத்துக்கு மேல குல்லா மாதிரி ஒரு சுரப்பி இருக்கும்மா. அடிபட்டாலும் ஆபரேஷன் பண்ணினாலும் உடம்பு தாங்கறதுக்கு அது ஒண்ணைச் சுரக்கும். இந்த மாத்திரையும் அதே வேலையைச் செய்யற மருந்து. வருஷக்கணக்கா வெளியிலேர்ந்து வந்துக்கிட்டே இருந்தா, உள்ள இருக்கறது 'நமக்கென்ன வேலை'ன்னு தூங்கிடும். மாத்திரை திடீர்னு நின்னா உடனே முழிச்சுக்காது. நாங்க வீக்கத்துக்குப் போட்ட ஊசியும் அதே வகை. தெரியாமலேயே ரெண்டு நாள் காப்பாத்தியிருக்கோம், தெரியாமலேயே நிறுத்தியிருக்கோம். இப்ப ஏறறதும் அதே வகைதான்."

கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வியாழக்கிழமைச் சட்டை மடித்து வைத்திருந்தது. பெயிண்டரின் மனைவி அதன் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். நீல மூடி வரவில்லை. கண்டக்டர் திறந்து கொடுத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று மாத்திரைகள். அந்த அம்மாள் அதை வெகுநேரம் பார்த்தார்.

பிரஷர் மெஷின் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானே புஸ்ஸென்று ஊதிப் பார்த்துச் சொன்னது. எழுபத்திரண்டு. அப்புறம் எழுபத்தெட்டு. அடுத்ததும் எழுபத்தெட்டு. கடைக்காரர் சுவரோரம் நின்றார். தன் கணிப்பு தப்பாக இருந்தால்? தியேட்டரையும் நிறுத்தியாகிவிட்டது. உள்ளே நிஜமாகவே சீழ் இருந்தால்? ஒரு தப்பைச் சரிசெய்ய வந்து இன்னொரு தப்பைச் செய்துவிட்டோமா?

ஏதோ காலில் இடித்தது. பெயிண்டரின் மனைவி தன் ஸ்டூலைக் காலாலேயே அவர் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை. "உட்காருங்கண்ணே. நீங்க நின்னா அது ஏறிடுமா?" என்றார்.

உலகத்தில் எத்தனையோ பெரிய மன்னிப்புகளைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். கடைக்காரருக்கு அன்றைக்குக் கிடைத்தது ஒரு அடி உயரமுள்ள இரும்பு ஸ்டூல். அதில் உட்கார்ந்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

எண்பத்தாறு. தொண்ணூற்று நாலு. நூற்று நாலு.

"ஏறுது, ஏறுது, உள்ள போ, உள்ள போ!" என்று கண்டக்டர் மெஷினைப் பார்த்துக் கத்த, அடுத்த கட்டில்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து டிக்கெட்டுக்குப் பையைத் தடவினார். தாடை டாக்டர் பெயிண்டரின் கன்னத்தை மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, "என் தாடைக்கு ஒண்ணும் ஆகலை" என்று தன் சொத்தைப்போலச் சொன்னார்.

ஒன்றரை மணிக்குப் பெயிண்டரின் முகத்தில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்தார். கடைக்காரர் தெரிந்தார். மனைவி தெரிந்தார். மனைவி கையில் நீல மூடி டப்பா தெரிந்தது. சட்டென்று மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

"முழிச்சது தெரியும்" என்றார் மனைவி. "திறங்க."

நர்ஸ் ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்தார். படுத்த நிலையிலும் பெயிண்டரின் எழுத்து விளம்பரப் பலகை எழுத்து மாதிரி வரிசையாக விழுந்தது. 'அது ஏணி ஏறத்தானே? படுக்கையில் இருக்கிறவனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.' கொஞ்சம் யோசித்து அடியில் இன்னொரு வரி எழுதினார். 'அண்ணனைத் திட்டாதே.'

"அவரை நான் ஏன் திட்டறேன்? தப்பைச் செஞ்சவரு ஓடி வந்து சொல்லிட்டாரு. மறைச்சவரு படுத்துக்கிட்டு இருக்காரு. நாலு வருஷமாத் தெருவுல என்னைப் பெருமை பேச விட்டுட்டு, பைக்குள்ள டப்பா! உங்களைத் திட்ட நாலு வாரம் பத்தாது. நல்லவேளை, வாயைக் கட்டியிருக்காங்க." சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கணவரின் நெற்றியைத் துடைத்துவிட்டார். பெயிண்டரின் தோள் குலுங்கியது. "சிரிக்க வைக்காதீங்கம்மா, கம்பி இழுக்கும்" என்று நர்ஸ் அதட்டினார்.

வெளியே நடைக்கு வந்தபோது டாக்டரம்மா கூப்பிட்டார். "இதையெல்லாம் நான் கேஸ் ஷீட்டுல எழுதியாகணும்."

"எழுதுங்க டாக்டர். கடைப் பேரையும் எழுதுங்க." என்றார் கடைக்காரர்.

டாக்டரம்மா எழுதினார். எழுதிவிட்டு, "நீங்க ஒரு மணிக்கு மேல வந்திருந்தா நாங்க அவரை மேசையில படுக்க வெச்சிருப்போம். அதையும் எழுதறேன்" என்று இன்னொரு வரி சேர்த்தார். பேனாவை மூடினார். "எங்க பக்கமும் தப்பிருக்கு. பொண்டாட்டியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு 'மாத்திரை சாப்பிடறியா'ன்னு கேட்டா எந்தப் புருஷன் உண்மையைச் சொல்லுவான்? இனிமே தனியாக் கூப்பிட்டுத்தான் கேக்கணும்."

கடைக்காரர் வீடு திரும்பி, மருந்து அதிகாரிக்குத் தானே ஒரு கடிதம் எழுதினார். மனைவி படித்துப் பார்த்துவிட்டு, மூன்று இடத்தில் 'மன்னிக்கவும்' இருந்ததை ஒன்றாகக் குறைத்தார். "ஒரு தடவை சொன்னாப் போதும், மனசாரச் சொல்லுங்க." அடுத்த வாரம் அதிகாரி வந்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்தின் நகலை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது இழுப்பறையைத் திறந்து பார்த்தார். ஏழு நாள் கடையை மூட வேண்டும், இனி ஒரு தடவை நடந்தால் லைசென்ஸ் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். லைசென்ஸ் சுவரிலேயே இருந்தது. மனைவி முக்காலி போட்டு ஏறி அதன் கண்ணாடியைத் துடைத்தார்.

மூடிய மூன்றாவது நாள் காலையில் கீழே ஏதோ சரசரவென்று சத்தம் கேட்டது. கடைக்கு மேலேயே வீடு. கடைக்காரர் இறங்கி வந்து பார்த்தார். பெயிண்டர் கடையின் இரும்புக் கதவுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயிண்டரின் மனைவி ஒரு நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"என்ன இது?"

"கடை மூடியிருக்கறப்பத்தானே கதவுக்கு அடிக்க முடியும்? நாலு வருஷமாக் கை துறுதுறுன்னுச்சாம்" என்றார் அந்த அம்மாள். "டாக்டரம்மாகிட்டயும் கேட்டாச்சு. கை எட்டற வரைக்கும் அடிக்கலாம்னாங்க."

கதவு கை எட்டுகிற உயரம் வரை புதுப் பச்சை. அதற்கு மேலே பழைய துரு. நடுவில் நூல் பிடித்ததுபோல ஒரே நேர்க்கோடு.

"மேல பாதி?"

பெயிண்டர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதி நீட்டினார். 'ஏணிக்கு டாக்டர் சீட்டு கொடுக்கவில்லை. சீட்டு இல்லாமல் இனி எதுவும் கிடையாது.'

கடைக்காரர் சிரித்தார். இரண்டு வாரமாக நெஞ்சில் கட்டியிருந்ததெல்லாம் கரைந்து போகிற மாதிரி, படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தார்.

பெயிண்டரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நீல மூடி டப்பாவை எடுத்துப் படியில் வைத்தார். டப்பாவின்மேல் இப்போது மருந்தின் பெயரும் அளவும் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது; அடியில், 'திடீரென்று நிறுத்தக் கூடாது.' அப்புறம் டாக்டர் சீட்டையும், ஆஸ்பத்திரிக் கடையில் வாங்கிய இரண்டு அட்டைகளையும் வைத்தார். போன தடவையைவிட அளவு குறைந்த மாத்திரைகள். டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உள்ளே தூங்குகிறதை எழுப்பப் போகிறாராம். இப்போதைக்குத் தண்ணீரில் கரைத்துச் சிரிஞ்ச் வழியாகக் கன்னத்தோரம் விட வேண்டும்.

பெயிண்டர் தன் விரல்களை விரித்துக் காட்டினார். காலை நேரம். தூரிகை பிடிக்கிற அளவுக்கு மேல் மடங்கவில்லை.

"இதுக்குச் சீட்டு தேவையில்லை" என்றார் கடைக்காரர். அட்டையை வாங்கிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். டக், டக், டக் என்று ஒவ்வொன்றாகப் பிதுக்கி டப்பாவுக்குள் போட்டார். முடிந்ததும், காலி அட்டைகளை நாலாக மடித்து, பெயர் தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி, அவற்றையும் அதே டப்பாவுக்குள் வைத்து மூடினார்.